மரி ஜாயெல் மேடையை விட்டது எதற்காக?

கேள்வி இது: "மரி ஜாயெல் என்ற பிரெஞ்சுப் பெண் பியானோ கலைஞரைப் பற்றி ஓரிடத்தில் படித்தேன். 19ஆம் நூற்றாண்டுக்காரர். லிஸ்ட்டோடு பழகியவர், பீத்தோவனின் 32 சொனாட்டாக்களையும் முதன்முதலில் மேடையில் வாசித்தவர் என்று போட்டிருந்தது. அவ்வளவு பெரிய கலைஞர் பிறகு எங்கே போனார்? கணவர் இறந்ததும் மேடையை விட்டுவிட்டாரா? பெண் என்பதால் ஒதுக்கிவிட்டார்களா? என் மகள் பியானோ கற்கிறாள், அவளுக்குச் சொல்ல வேண்டும்."

நீங்கள் கேட்டிருப்பது ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பை மட்டும் அல்ல என்று நினைக்கிறேன். மேடை அவரைக் கைவிட்டதா, அவரே இறங்கிப் போனாரா என்பதுதான் உங்கள் மனதில் இருக்கும் கேள்வி. மகளுக்கு எந்தக் கதையைச் சொல்வது என்பது அந்தப் பதிலைப் பொறுத்து மாறும், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். 26 வருடமாக பியானோ சொல்லிக் கொடுக்கிறேன். ஜாயெலின் பெயரைத் தெரிந்துகொண்டது அதில் பாதி தூரம் வந்த பிறகுதான். அவருடைய புத்தகங்களில் ஒன்றை, எனக்குத் தெரிந்த பிரெஞ்சை வைத்துக்கொண்டு, அகராதியோடு உட்கார்ந்து ஒரு வருடம் படித்தேன். இசை சொல்லிக் கொடுப்பது என் தொழில். நரம்பியலோ உடலியலோ நான் படித்ததில்லை. அந்தப் பக்கம் வரும்போது ஒரு வாத்தியார் சொல்லக்கூடிய அளவுக்கு மேல் சொல்ல மாட்டேன்.

நேர் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். கணவர் ஆல்ஃபிரட் ஜாயெல் இறந்தது 1882இல். மரி பாரிஸில் பீத்தோவனின் 32 சொனாட்டாக்களையும் (பியானோவுக்கென்று எழுதிய, பல பகுதிகள் கொண்ட நீண்ட படைப்புகள்) வாசித்தது 1893இல். அதாவது கணவர் போய்ப் பதினோரு வருடம் கழித்துத்தான் அவருடைய மிகப் பெரிய மேடைச் சாதனை நடந்தது. விதவையானதும் ஒதுங்கிவிட்டார் என்ற கதை இந்த இரண்டு வருடங்களை அருகருகே வைத்த உடனேயே நிற்காமல் போய்விடும்.

அவர் பிறந்தது 1846 ஆகஸ்ட் 17. ஊர் ஸ்டைன்செல்ட்ஸ், பிரான்ஸின் வடகிழக்கு மூலையில், அல்சாஸ் பகுதியில், விசெம்பூர் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கிராமம். பிறந்த வீட்டுப் பெயர் மரி டிராட்மன். அப்பா அந்த ஊரின் மேயர். மரி ஆறு வயதில் பியானோ தொடங்கினார். ஆனால் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு ஆசிரியர்களைத் தேடிப் போனதும், கச்சேரிகளுக்கு ஏற்பாடு செய்ததும் அம்மாதான். எல்லையைத் தாண்டி ஸ்டுட்கார்ட்டுக்குப் போய்ப் பாடம் கேட்டார்கள். அங்கே அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்களில் இக்னாஸ் மோஷெலெஸும் ஒருவர். பீத்தோவனை நேரில் அறிந்தவர் அவர். பத்து வயதை ஒட்டியே ஜெர்மன் ஊர்களிலும் சுவிட்சர்லாந்திலும் மேடை ஏறத் தொடங்கிவிட்டார் மரி. 1862இல், 16 வயதில், பாரிஸ் கன்சர்வத்வார் என்ற இசைக் கல்லூரியில் சேர்ந்தார். நாலே மாதத்தில் முதல் பரிசு.

அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் ஆன்ரி ஹெர்ஸ். இவரைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும், பின்னால் அது தேவைப்படும். ஹெர்ஸ் பெரிய பியானோ கலைஞர், பியானோ தயாரிப்பவர், சொந்தமாக ஒரு கச்சேரி மண்டபமே வைத்திருந்தவர். அவர் 1836இல் 'டாக்டிலியான்' என்று ஒரு கருவி கண்டுபிடித்தார். பியானோ கட்டைகளுக்கு மேலே ஸ்பிரிங்கில் தொங்கும் பத்து வளையங்கள். விரல்களை அந்த வளையங்களுக்குள் நுழைத்துக்கொண்டு, ஸ்பிரிங் மேலே இழுக்க இழுக்க, அதை எதிர்த்துக் கட்டையை அழுத்திப் பழக வேண்டும். விரலுக்கு உடற்பயிற்சிக் கூடம் மாதிரி. அந்தக் காலத்தில் பியானோ கற்பது என்றால் இதுதான்: தினமும் மணிக்கணக்கில், மனதை வேறெங்கோ வைத்துக்கொண்டு, விரலை மட்டும் உழைக்க விடுவது. புத்தகத்தைக் கட்டைக்கு மேலே விரித்துப் படித்துக்கொண்டே விரல் பயிற்சி செய்தவர்களும் இருந்தார்கள். மரி அந்தப் பள்ளிக்கூடத்தில் முதல் பரிசு வாங்கியவர். அந்த முறை தெரியாமல் அவர் அதை எதிர்க்கவில்லை.

1866இல், இருபது வயதை எட்டும் நேரத்தில், ஆல்ஃபிரட் ஜாயெலைக் கல்யாணம் செய்துகொண்டார். ஆல்ஃபிரட் டிரியெஸ்தேயில் பிறந்தவர், மரியை விட 14 வயது மூத்தவர், 11 வயதில் வெனிஸில் மேடை ஏறி, அமெரிக்கா வரை போய் வாசித்துவிட்டு வந்தவர். இருவரும் சேர்ந்து ஐரோப்பா முழுக்கச் சுற்றினார்கள். இரண்டு பியானோ, நாலு கை என்று ஜோடியாகவும் வாசித்தார்கள், தனியாகவும் வாசித்தார்கள். அந்த நூற்றாண்டின் மிகப் புகழ்பெற்ற பியானோ கலைஞரும் இசையமைப்பாளருமான லிஸ்ட்டை 1868இல் ரோமில் சந்தித்தது இந்தக் காலத்தில்தான்.

1870இல் பிரெஞ்சு–பிரஷ்யப் போர் வந்தது. அதன் முதல் பெரிய சண்டை அந்த ஆகஸ்ட் 4ஆம் தேதி விசெம்பூரில்தான் நடந்தது, மரி பிறந்த கிராமத்திலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில். அடுத்த வருடம் அல்சாஸ் ஜெர்மனிக்குப் போயிற்று, முதல் உலகப் போர் முடியும் வரை திரும்பவில்லை. தன் வாழ்நாளில் 47 வருடம் அவருடைய சொந்த ஊர் வேறொரு நாட்டில் இருந்தது. அவரைப் 'பிரெஞ்சுக் கலைஞர்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் குறிப்புகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். கலைஞராக அவர் வாழ்ந்தது பாரிஸில். இசை கற்றதோ ரைன் நதியின் இரண்டு கரையிலும்.

எழுபதுகளில் அவர் இசை எழுதவும் தொடங்கினார். செசார் ஃபிராங்கிடமும் கமீ சேன்-சான்ஸிடமும் பாடம் கேட்டார். 1877இல் டி மைனரில் ஒரு பியானோ கன்செர்டோ (தனிக் கருவியும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) எழுதி அதைச் சேன்-சான்ஸுக்குக் காணிக்கையாக்கினார். அதே சேன்-சான்ஸ் தன்னுடைய ஓபஸ் 52 (ஓபஸ் என்றால் படைப்பு எண்) தொகுப்பின் கடைசி உருப்படியை, வால்ட்ஸ் நடன வடிவில் அமைந்த அந்தக் கடினமான பயிற்சி உருப்படியை, இவருக்குக் காணிக்கையாக்கினார். பியானோக்காரர்களுக்கு அந்த உருப்படியின் பக்கங்களைப் பார்த்தாலே போதும், இவர் கை எப்படிப்பட்டது என்று புரிந்துவிடும். யாரும் வாசிக்க முடியாதவருக்கு அதைக் காணிக்கையாக்க மாட்டார்கள். 1882இல் ஒரு செல்லோ கன்செர்டோ, 1884இல் சி மைனரில் இரண்டாவது பியானோ கன்செர்டோ. 1887இல் சேன்-சான்ஸின் ஆதரவோடு பாரிஸின் இசையமைப்பாளர் சங்கத்தில் உறுப்பினரானார்.  பெண்களை உறுப்பினராகச் சேர்ப்பது அங்கே அபூர்வம்.

லிஸ்ட்டோடு பழக்கம் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். பழக்கம் என்ற சொல் போதாது. கணவர் இறந்த பிறகு, 1883 முதல், வருடத்தில் மாதக்கணக்கில் ஜெர்மனியின் வைமார் நகரத்துக்குப் போய் லிஸ்ட்டின் வட்டத்தில் தங்கினார். லிஸ்ட் 1883இல் எழுதிய மூன்றாவது மெஃபிஸ்டோ வால்ட்ஸ் இவருக்குக் காணிக்கை. வைமாரில் லிஸ்ட்டைச் சுற்றி எப்போதும் இளம் பியானோ கலைஞர்கள் கூட்டம் இருக்கும், எல்லோருக்கும் அவரைப் போல வாசிக்க வேண்டும் என்று ஆசை. மரியின் ஆர்வம் வேறாக இருந்தது. அந்தக் கை கட்டையில் இறங்கும்போது என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் பத்து வருடம் உழைத்தும் வராத ஒலி இந்தக் கிழவருக்கு உழைப்பே இல்லாத மாதிரி வருகிறது, அது எங்கிருந்து வருகிறது? 1886 ஜூலை 31இல் லிஸ்ட் பாய்ரொய்ட்டில் இறந்தார். அந்தக் கேள்வி மரியோடு பாரிஸுக்கு வந்தது. உங்கள் கேள்விக்கான பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

ஆனால் அதற்கு முன் 1893. பாரிஸில் சால் பிளெயெல் மண்டபத்தில் தொடர் கச்சேரிகளாகப் பீத்தோவனின் 32 சொனாட்டாக்களையும் வாசித்தார். எல்லாவற்றையும் சேர்த்தால் பத்து மணி நேரத்துக்கு மேல் வரும் இசை. நடுவில் ஓபஸ் 106 இருக்கிறது, முக்கால் மணி நேரத்தைத் தொடும் மலை. தனியாக அதை ஒரு கச்சேரிக்குத் தயார் செய்யவே ஒரு வருடம் கேட்பவர்கள் இன்றைக்கும் உண்டு. நீங்கள் படித்த குறிப்பில் 'முதன்முதலில்' என்று இருந்தது அல்லவா, அங்கே ஒரு திருத்தம் வேண்டும். பாரிஸில் முதலில் வாசித்தவர் என்பது சரி. உலகத்திலேயே முதலில் என்றால் தப்பு. லண்டனில் சார்ல்ஸ் ஹாலே 1861இலேயே 32 சொனாட்டாக்களையும் முழுத் தொடராக வாசித்துவிட்டார். இந்தத் திருத்தத்தால் மரியின் பெருமை ஒரு துளியும் குறையாது. மகளிடம் சொல்லும்போது சரியாகச் சொல்லுங்கள், பிற்பாடு எங்காவது அவள் ஹாலேயின் பெயரைப் படித்தால் அம்மாவோ அப்பாவோ சொன்ன முழுக்கதை மேலும் சந்தேகம் வந்துவிடும்.

  

இப்போது திருப்பத்துக்கு வருவோம். 1890களில் மரி செய்த சோதனையை அவருடைய விவரிப்பின்படி சொல்கிறேன். ஒவ்வொரு கட்டையின் அளவுக்கும் அட்டைத் துண்டுகளை வெட்டிக் கட்டைகளின் மேல் வைப்பார். விரல் நுனிகளில் அச்சு மையைத் தடவிக்கொள்வார். பிறகு ஒரு பகுதியை வாசிப்பார், அல்லது மாணவரை வாசிக்கச் சொல்வார். முடிந்ததும் அட்டைகளை எடுத்து வரிசையாக வைத்துப் பார்ப்பார். ஒவ்வொரு சுரத்துக்கும் விரல் எந்த இடத்தில் பட்டது, எவ்வளவு பரப்பு பட்டது, ரேகைக் கோடுகள் எந்தத் திசையில் சாய்ந்திருக்கின்றன, விரல் அப்படியே இறங்கியதா வழுக்கியதா, எல்லாம் அதில் பதிந்திருக்கும். லண்டனில் ஃபிரான்சிஸ் கால்டன் விரல் ரேகை பற்றிப் புத்தகம் போட்டது 1892இல். அதே காலத்தில் பாரிஸில் ஒரு பியானோ கலைஞர் ரேகையை வைத்து இசையைப் படித்துக்கொண்டிருந்தார்.

நன்றாக ஒலித்த வாசிப்புக்கும் ஒலிக்காத வாசிப்புக்கும் ரேகைகள் வேறு வேறாக விழுந்தன என்று அவர் கண்டார். ஒன்றில் பதிவுகளுக்குள் ஓர் ஒழுங்கு, இன்னொன்றில் சிதறல். பிசெத்ர் மருத்துவமனையின் மருத்துவர் ஷார்ல் ஃபெரேயோடு சேர்ந்து மேலும் சோதனைகள் செய்தார். தொடுகையைப் பற்றி 'லெ தூஷே' என்ற நூல், 1896இல் இசையும் உடல்-மன இயக்கமும் பற்றி ஒன்று, 1897இல் தொடுகையின் இயக்கமுறை பற்றி ஒன்று, 1904இலும் 1906இலும் மேலும் இரண்டு. கச்சேரிகள் குறைந்து குறைந்து நின்றுபோயின. ஐம்பது வயதை ஒட்டி, 32 சொனாட்டாக்களை வாசித்த கையோடு, அவர் சோதனைச்சாலைக்காரர் ஆகிவிட்டார்.

இந்தச் சோதனையை என் வகுப்பிலும் ஒருமுறை செய்து பார்த்தோம். ஸ்டாம்பு பேடு மை, பழைய போஸ்ட் கார்டுகளை நீளவாக்கில் வெட்டிய துண்டுகள், வழுக்காமல் இருக்கப் பின்னால் கொஞ்சம் ஒட்டும் டேப். பத்து வயதுப் பெண் ஒருத்தி ஐந்து சுரம் ஏறி இறங்கினாள். முதல் தடவை வழக்கம்போல வேகமாக வாசித்தாள். நாலாம் விரலும் சுண்டு விரலும் பட்ட அட்டைகளில் ரேகையே இல்லை, நீளமாக ஒரு இழுப்பு மட்டும். அதைப் பார்த்ததும் அவளே, "மிஸ், இங்கே நான் விழறேன்" என்றாள். விரலைக் கட்டையில் வைத்து, அடுத்து வரப்போகும் ஒலியை முதலில் மனதுக்குள் கேட்டுவிட்டு அப்புறம் அழுத்து என்று சொல்லி, மறுபடி மை தடவி வாசிக்க வைத்தேன். இந்த முறை சுண்டு விரலின் ரேகை வட்டமாக, கோடு கோடாகத் தெரிந்தது. ஒரு வருடமாக "விரலைச் சாய்க்காதே" என்று நான் சொல்லிச் சொல்லி நடக்காதது அது. ஒரு குழந்தையிடம் ஒரு நாள் பார்த்ததை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் மரி எதைப் பார்த்து அசந்திருப்பார் என்று அன்றைக்குப் புரிந்தது. (வீட்டில் செய்து பார்ப்பதாக இருந்தால் கட்டைகளின் இடுக்கில் மை இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.)

அவருடைய மாணவர்களில் ஒருவர் உங்களுக்கும் தெரிந்தவர்தான். ஆல்பர்ட் சுவைட்சர். திருக்குறளைப் பற்றி அவர் எழுதிய பாராட்டை நம் ஊரில் மேற்கோள் காட்டாத பட்டிமன்றம் இல்லை. மருத்துவராக ஆப்பிரிக்கா போவதற்கு முன் அவர் இசைக்காரர், அவரும் அல்சாஸ்காரர். 1898–99 குளிர்காலத்தில் பாரிஸில் விதோரிடம் ஆர்கன் கற்றுக்கொண்டே, பியானோவுக்கு ஒரே நேரத்தில் இரண்டு ஆசிரியர்களிடம் போனார். ஒருவர் மரி ஜாயெல், இன்னொருவர் பழைய முறையில் தேர்ந்த இசிதோர் ஃபிலிப். இருவருக்கும் ஒருவர் முறையை மற்றவர் ஏற்க மாட்டார் என்பதால், இரண்டு இடத்திலும் மற்றவர் பெயரைச் சொல்லாமல், காலையில் ஜாயெல் முறையிலும் பிற்பகலில் ஃபிலிப் முறையிலும் வாசித்ததாகத் தன் வாழ்க்கைக் கதையில் எழுதியிருக்கிறார். மரி–ஃபெரே சோதனைகளுக்குத் தன் கையையும் கொடுத்தார். தொடுகை நூலின் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் உழைத்ததும் அவரே. தன் கையை முழுக்க மாற்றியவர் மரி ஜாயெல் என்றும், குறைந்த நேரச் சாதகத்திலேயே கை தன் கட்டுப்பாட்டுக்கு வந்தது என்றும் நன்றியோடு சொல்கிறார். நாளெல்லாம் நோயாளிகளோடு இருந்துவிட்டு இரவில் பாக் என்ற இசையமைப்பாளரின் படைப்புகளை வாசித்த மனிதருக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று யோசித்துப் பாருங்கள்.

மரி சொல்லிக் கொடுத்ததன் சாரம், நான் புரிந்துகொண்ட அளவில், இதுதான். விரல் கட்டையைத் தொடும்போது தொடுகிறோம் என்ற உணர்வு முழுசாக இருக்க வேண்டும். தோளிலிருந்து விரல் நுனி வரை எந்தத் தசை இறுகியிருக்கிறது, எது தளர்ந்திருக்கிறது என்று வாசிப்பவருக்குத் தெரிய வேண்டும். தேவையில்லாமல் தானாக நடக்கும் அசைவுகளை நிறுத்தக் கற்க வேண்டும். வேகத்துக்காக மட்டும் செய்யும் விரல் பயிற்சிகளை விட்டுவிட வேண்டும். ஒலியை முன்கூட்டியே மனதில் கேட்டுவிட்டுத்தான் விரல் இறங்க வேண்டும். ஹெர்ஸின் ஸ்பிரிங் வளையங்களை நினைத்துக்கொள்ளுங்கள், அதற்கு நேர் எதிர்த்திசை. ஹெர்ஸ் விரலின் பலத்தைத் தேடினார், மாணவியோ விரலின் கவனத்தைத் தேடிப் போனார்.

எதில் அவர் சொன்னது நிற்கிறது, எதில் நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பியானோவுக்குள் நடப்பது இது: கட்டையை அழுத்தினால் ஒரு சுத்தியல் கம்பியை நோக்கி எழும்பும். கம்பியைத் தொடுவதற்குச் சற்று முன்பே கட்டையோடு அதன் தொடர்பு அறுந்துவிடும், கடைசித் தூரத்தைத் தானாகப் பறந்துபோய் அடிக்கும். அதனால் ஒரே ஒரு சுரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், விரலின் நுணுக்கம் எல்லாம் கடைசியில் சுத்தியலின் வேகம் என்ற ஒன்றில்தான் போய் முடியும். அமெரிக்காவில் ஓட்டோ ஆர்ட்மன் என்பவர் இதை அளந்து புத்தகமாக வெளியிட்டது 1925இல், மரி இறந்த அதே வருடம். கட்டையில் விரல் நகம் படும் சத்தம் போன்ற சில்லறை வேறுபாடுகளைத் தவிர, இந்த அடிப்படை இன்றும் மாறவில்லை. ஆகவே விரலை ஒரு மாதிரி சாய்த்தால் அந்த ஒரு சுரத்துக்கே தனி நிறம் வந்துவிடும் என்ற நம்பிக்கையை என் மாணவர்களுக்கு நான் சொல்லிக் கொடுப்பதில்லை.

ஆனால் இசை ஒற்றைச் சுரத்தில் இல்லை. ஒரு சுரம் முடிவதற்கும் அடுத்தது தொடங்குவதற்கும் இடையில் எவ்வளவு மேற்பொருந்துகிறது, ஒரே நேரத்தில் ஒலிக்கும் நாலு சுரங்களில் எது ஒரு மயிரிழை தூக்கலாக இருக்கிறது, பெடல் எப்போது ஏறி இறங்குகிறது, இவைதான் ஒரு வாசிப்பை இன்னொன்றிலிருந்து பிரிக்கின்றன. அந்தக் கட்டுப்பாடு முழுக்கத் தொடுகையில் இருக்கிறது. கவனமில்லாமல் ஆயிரம் தடவை செய்வதை விடக் கவனத்தோடு பத்துத் தடவை செய்வது மேல் என்று அவர் சொன்னதை ஏற்காத பியானோ ஆசிரியரை இன்று பார்ப்பது அரிது. ரேகைக் கோடுகளின் திசைகளை வைத்து அவர் பிற்பாடு கட்டிய பெரிய கோட்பாடுகள் என்னால் பின்தொடர முடியாத இடத்துக்குப் போகின்றன. 1906ஆம் வருட நூலில் விரலையும் பார்வையையும் இணைத்து அவர் எழுதுவது அந்த வகை. என்னை ஈர்ப்பது அவருடைய முடிவுகளை விட அவர் எடுத்த முயற்சி. "எனக்கு வரம் உண்டு, உனக்கு இல்லை" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். தனக்கு வருவது ஏன் வருகிறது, அதை இன்னொருவர் கைக்கு மாற்ற முடியுமா என்று மை தடவி உட்கார்ந்தார்.

கையில் ஏற்பட்ட தசைநார் வலிதான் அவரை ஆராய்ச்சிக்குத் திருப்பியது என்று சில குறிப்புகளில் இருக்கும். வலி இருந்திருக்கலாம். வைமாரிலேயே தொடங்கிவிட்ட கேள்வியை அது விளக்காது, 1893இன் பத்து மணி நேர இசையையும் விளக்காது. வலியை ஒரு காரணமாகச் சொல்லுங்கள், ஒரே காரணமாகச் சொல்ல வேண்டாம்.

பெண் என்பதால் ஒதுக்கினார்களா என்ற கேள்விக்கு, வாசிப்பவராக அவரை ஒதுக்கவில்லை, இசை எழுதுபவராகச் சுவர் இருந்தது என்று பிரித்துத்தான் பதில் சொல்ல முடியும். பெண்கள் பியானோ வாசிப்பதை அந்தச் சமூகம் விரும்பிக் கேட்டது. மரிக்கு முந்தைய தலைமுறையில் மரி பிளெயெல் ஐரோப்பா முழுக்கக் கொண்டாடப்பட்டார். லூயிஸ் ஃபாரெங்க் 1842 முதல் கன்சர்வத்வாரில் பியானோ பேராசிரியராக இருந்தார், ஆனால் ஆண் பேராசிரியர்களுக்கு இணையான சம்பளத்தை 1850இல்தான் போராடி வாங்கினார். இசை எழுதுவோருக்கான உச்சப் பரிசான ரோம் பரிசுப் போட்டி பெண்களுக்குத் திறந்தது 1903இல், மரிக்கு அப்போது 57 வயது. உங்கள் இசைக்கு மேல் ஓர் ஆணின் பெயர் இருந்திருந்தால் அது எல்லாப் பியானோவிலும் இருக்கும் என்று லிஸ்ட் அவரிடம் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. லிஸ்ட்டின் கைப்பட எழுதியதாக இதை நான் பார்த்ததில்லை, சொல்லி வழிவந்த வாக்கியமாகவே எடுத்துக்கொள்கிறேன். பேச்சு பொய்யானாலும் அதில் உள்ள நிலைமை பொய்யில்லை.

பெயர் மறைந்ததற்கு வேறு காரணங்களும் கூடவே இருக்கின்றன. அவர் வாசிப்பு ஒலிப்பதிவாக இல்லை. எப்படி வாசித்தார் என்று கேட்டவர்கள் எழுதியதுதான் நமக்கு மிச்சம். கன்சர்வத்வாரில் பேராசிரியர் பதவி இல்லாததால் மாணவர் பரம்பரை சிறிதாகவே இருந்தது. தனியாகப் பாடம் கேட்டவர்கள்தான், கவிஞர் கேத்தரின் பொஸி மாதிரி. 1925 பிப்ரவரி 4இல் பாரிஸில் அவர் இறந்தபோது, 1893இல் மண்டபத்தில் இருந்தவர்களில் பலர் உயிரோடு இல்லை. அவருடைய கையெழுத்துப் படிகளும் குறிப்புகளும் இப்போது ஸ்டிராஸ்பூர் தேசிய, பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன, சொந்த மண்ணில். கடந்த சில வருடங்களில் கன்செர்டோக்கள் நல்ல இசைக்குழுக்களோடு பதிவாகி வந்திருக்கின்றன. செல்லோ கன்செர்டோவிலிருந்து தொடங்குங்கள். நீளம் குறைவு, முதல் தடவையிலேயே பிடித்துப்போகும். தாந்தேயை வைத்து 1894இல் எழுதிய 18 பியானோ உருப்படிகள் கடினமானவை, ஒரே சின்ன அசைவைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே போகும். முதலில் எனக்கும் அலுப்பாக இருந்தது. விரல் சோதனைகள் நடந்த காலத்தில் எழுதியவை என்று தெரிந்து கேட்டபோதுதான் காது திறந்தது.

மகள் தானே வாசிக்க வேண்டும் என்றால், அதே 1894இல் மரி எழுதிய 'மழை நாட்கள்' என்ற தொகுப்பு இருக்கிறது. 12 சின்ன உருப்படிகள், பல ஒன்றிரண்டு பக்கம்தான். 'வெயில் நாட்கள்' என்று அதற்கு ஜோடியாக இன்னொரு 12. காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் நோட்ஸ் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். நாலு, ஐந்து கிரேடு தாண்டியிருந்தால் மழைத் துளிகளைப் பற்றிய உருப்படியில் தொடங்கலாம். வேகத்தைப் பற்றி முதல் வாரம் பேசவே வேண்டாம். ஒவ்வொரு துளியையும் அழுத்துவதற்கு முன் மனதுக்குள் கேட்கச் சொல்லுங்கள். எந்தக் கிரேடில் இருக்கிறாள் என்று எழுதினால், விரல் எண்கள் போட்டு முதல் பக்கத்தை எப்படிப் பிரித்துப் பழகுவது என்று சொல்கிறேன்.